மணல் சேர்ந்தால் கூழாங்கல் நிற்குமா, ஓடுமா? ஆற்றுப்படுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லும் சரளையுமாகக் கிடக்கும் ஓர் ஆற்றுப்படுகையில் திடீரென்று நிறைய மணல் வந்து சேர்கிறது. மலையில் காடு வெட்டியிருக்கலாம், சாலை போட்டிருக்கலாம், ஒரு சரிவு இடிந்து விழுந்திருக்கலாம். அந்தக் கற்களுக்கு இனி என்ன ஆகும் என்று கேட்டால், "மணலில் புதைந்துபோகும், அசையாது" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படியே நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். இதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளையும், நானே எனக்குக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், சரளை என்பது எது, மணல் என்பது எது?

ஆற்றியல் படிப்பவர்கள் 2 மி.மீ. அளவில் கோடு கிழிக்கிறார்கள். அதற்குக் கீழே மணல், மேலே சரளை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே சரளைக் கணக்கில் வந்துவிடும். 64 மி.மீ. வரை சரளை. அது தெருவில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்தின் அளவு. அதற்கு மேல் உருட்டுக்கல், 256 மி.மீ.க்கு மேல் பாறாங்கல். கீழ்ப்பக்கம் 0.063 மி.மீ.க்கும் சிறியதாகப் போனால் வண்டல், அதற்கும் கீழே களிமண். விரலில் தேய்த்தால் நறநறவென்றால் மணல், மாவுபோல இருந்தால் வண்டல், பிசுபிசுவென்று ஒட்டினால் களிமண். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணல் செய்வதும் களிமண் செய்வதும் ஒன்றல்ல.

சரி, மணல் சேர்ந்தால் சரளை நகர்வது கூடுமா, குறையுமா?

கூடும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் வில்காக்கும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே சரளையை எடுத்துக்கொண்டு அதில் மணலின் பங்கை மட்டும் சுமார் 6 சதவீதத்திலிருந்து 34 சதவீதம் வரை கூட்டி, ஐந்து கலவைகள் செய்தார்கள். அவற்றைச் சோதனைக் கால்வாயில் பரப்பித் தண்ணீர் விட்டார்கள். மணல் கூடக் கூடப் படுகையில் சரளையின் பங்கு குறைகிறது, ஆகவே குறைந்த சரளைதானே போக வேண்டும்? ஆனால் அதே வேகத் தண்ணீரில் பலப்பல மடங்கு அதிகச் சரளை அடித்துச் செல்லப்பட்டது.

அது எப்படி? மணல் கல்லைத் தள்ளிவிடுகிறதா?

தள்ளுவதில்லை. கல்லைப் பிடித்து வைத்திருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது.

ஒரு கூழாங்கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். அது தரையில் தனியாகக் கிடக்கவில்லை. கீழே இருக்கும் மூன்று நான்கு கற்களுக்கு நடுவில் உள்ள குழியில் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் அதை நகர்த்த வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் கல்லின் முதுகின்மேல் ஏற்றி அந்தப் பக்கம் உருட்டிவிட வேண்டும். ஆற்றின் பலமெல்லாம் அந்த ஒரு ஏற்றத்தில் செலவாகிறது. எப்படியோ ஏறிவிட்டாலும் இரண்டு சாண் தள்ளி இன்னொரு குழி காத்திருக்கும். அதில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது குழிகளில் மணலைப் போடுங்கள். உட்காரும் இடம் மேலே வந்துவிடுகிறது, ஏற வேண்டிய உயரம் குறைகிறது. கல்லோடு கல் முட்டிக்கொண்டிருந்த இடங்களில் இப்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மணல் இருக்கிறது, அந்த மணலோ லேசான ஓட்டத்திலேயே கலைந்துவிடும். தெருவில் பந்து உருளும்போது குண்டும் குழியுமான இடத்தில் நின்றுவிடும். அந்தக் குழிகளை மண் போட்டு மூடினால் அதே பந்து அடுத்த தெருவரை ஓடும். படுகையில் நடப்பதும் அதுதான். கல் கிளம்புவதும் எளிது, கிளம்பிய கல் நிற்பதும் கடினம்.

இன்னொரு காரணமும் சேர்கிறது. கரடுமுரடான படுகை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். மணல் பரவி வழுவழுப்பான பிறகு, தரையை ஒட்டிய தண்ணீர் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. தலையை நீட்டிக்கொண்டிருக்கும் கற்களின் மீது அந்த வேகம் நேராக மோதுகிறது.

எவ்வளவு மணல் இருந்தால் இது தொடங்கும்?

10 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் நடுவில்தான் மாற்றமெல்லாம் நடக்கிறது. ஏன் இந்த எண் என்பதைக் கட்டட வேலை பார்ப்பவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

100 லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒரே அளவுள்ள ஜல்லியை நிரப்புங்கள். பெட்டி நிறைந்திருந்தாலும் கல் மட்டும் எடுத்துக்கொள்ளும் இடம் சுமார் 60 லிட்டர்தான். மீதி 40 லிட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் மணலைக் கொட்டி நிரப்பினால், மணலுக்குள்ளும் இடைவெளி உண்டல்லவா, உண்மையான மணல் 24 லிட்டர்தான் போகும். 60 லிட்டர் கல், 24 லிட்டர் மணல். மொத்தத்தில் மணலின் பங்கு 28, 29 சதவீதம். அதாவது மணல் 30 சதவீதத்தை நெருங்கும்போது கற்களுக்கு இடையில் இனி இடமே இல்லை. அதற்கு மேல் மணல் வந்தால் கற்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகத் தொடங்கும். கேசரியில் முந்திரி கிடப்பதுபோல, மணலுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கற்கள் மிதக்கும்.

ஆகவே 10 சதவீதத்துக்குக் கீழே அது கல்லால் கட்டப்பட்ட படுகை. மணல் கற்களின் காலடியில் ஒளிந்திருக்கும். 30க்கு மேலே அது மணலால் ஆன படுகை, கற்கள் அதில் விருந்தாளிகள். நடுவில் உள்ள அந்த இருபது சதவீதத்தில் ஓர் ஆற்றின் குணமே மாறிவிடுகிறது.

இதைத் தண்ணீர்க் கணக்கில் சொல்ல முடியுமா?

முடியும், ஒரு எளிய உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணக்கு பிடிக்காதவர்கள் "நெஞ்சளவு வெள்ளம்" என்று வரும் வரிக்குத் தாவிவிடலாம்.

கல்லை நகர்த்தத் தேவையான விசையை அந்தக் கல்லின் அளவோடு ஒப்பிட்டு ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை 1936இல் பெர்லினில் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் உருவாக்கினார். இன்றும் அதை ஷீல்ட்ஸ் எண் என்றே சொல்கிறார்கள். வில்காக்கும் ஜோஆனா க்ரோவும் 2003இல் தந்த சூத்திரத்தின்படி, மேற்பரப்பில் மணலே இல்லாதபோது இந்த எண் 0.036 வந்தால்தான் படுகை அசையத் தொடங்கும். மணல் 20 சதவீதத்தைத் தாண்டியபின் 0.021 வந்தாலே போதும்.

கற்களின் சராசரி அளவு 40 மி.மீ., அது மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆறு 1,000 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்குகிறது. மணல் இல்லாவிட்டால் தண்ணீர் ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழம் ஓடும்போதுதான் கற்கள் கிளம்பும். மணல் நிறைந்தபின் 70 செ.மீ. ஆழமே போதும். நெஞ்சளவு வெள்ளத்துக்குக் காத்திருந்த கல், இடுப்பளவுத் தண்ணீருக்கே கிளம்பிவிடுகிறது. அப்படிப்பட்ட வெள்ளம் ஆண்டில் எத்தனை நாள் வரும், இப்படிப்பட்ட நீரோட்டம் எத்தனை நாள் வரும் என்று யோசித்தால்தான் இதன் முழுக் கனம் புரியும்.

இன்னொன்று. அசையத் தொடங்கும் எல்லையை ஒட்டிய இடத்தில், விசை கொஞ்சம் கூடினாலே நகரும் சரளை பல மடங்கு ஏறும். மேலே சொன்ன எல்லை மாற்றத்தை மட்டும் அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், மிதமான ஓட்டத்தில் நகரும் அளவு சுமார் 50 மடங்கு கூடுகிறது.

இதை முதலில் யார் கவனித்தார்கள்?

அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் தங்கத்துக்காகப் பீரங்கிபோலத் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்துக்கொண்டிருந்தார்கள். 1884இல் நீதிமன்றம் அதை நிறுத்திய பிறகும், அதற்குள் ஆறுகளில் இறங்கியிருந்த மண்ணும் கல்லும் பல பத்தாண்டுகளாகக் கீழே நகர்ந்துகொண்டிருந்தன. அதை ஆராயப் போன கில்பர்ட், பெர்க்லியில் மரக் கால்வாய் அமைத்துச் சோதனை செய்து, 1914இல் முடிவுகளை வெளியிட்டார். பருமனான கற்களோடு நுண்ணிய மணலைச் சேர்த்தால் கற்களும் அதிகமாகப் போகின்றன என்பது அதிலேயே இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட செய்தி. ஆனாலும் இன்றுவரை கேட்பவர்களுக்குப் புதிதாகவே இருக்கிறது.

பிறகு 1980களில் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் இகெதாவும் இசெயாவும் செய்த சோதனைகள் இதையே வேறு கோணத்தில் காட்டின. கால்வாயின் தலைப்பில் போடும் கலவையில் மணலைக் கூட்டினால் படுகையின் சரிவு குறைகிறது. முன்பு செங்குத்தாக இருந்தால்தான் கடத்த முடிந்த சரளையை, மணல் துணைக்கு வந்தபின் ஆறு படுத்துக்கொண்டே கடத்திவிடுகிறது.

அப்படியானால் மணலுக்கு என்ன ஆகிறது?

அதற்கும் லாபம்தான். மணல் குறைவாக இருக்கும்போது கற்களுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மேலே உள்ள கல் நகர்ந்தால்தான் விடுதலை. மணல் நிறைந்தபின் தன் இயல்பான வேகத்தில் ஓடும்.

வண்டலும் களிமண்ணும் இதே வேலையைச் செய்யுமா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "நுண்ணிய படிவு" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது தவறு.

மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. களிமண் ஒட்டும். வெள்ளக் காலத்தில் அது தண்ணீரோடு கலங்கலாகப் போய்விடும், படுகையைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஆனால் ஓட்டம் தணிந்த பிறகு மெல்லக் கீழே இறங்கிக் கற்களின் இடுக்கில் புகுந்து இறுகிக்கொண்டால், கற்களைப் பசைபோலப் பிடித்துவிடும். அப்போது படுகையைப் பெயர்க்க அதிக விசை வேண்டும். ஆக, மணல் கல்லை விடுவிக்கிறது, களிமண் கட்டிப்போடுகிறது. உண்மையான ஆற்றில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், மாதிரியை எடுத்துச் சலித்துப் பார்க்காமல் எது வெல்லும் என்று சொல்லக் கூடாது.

உயிர்களும் கட்டிப்போடும். கற்களின்மேல் படரும் பாசி ஒரு பக்கம். அப்புறம், கேடிஸ் பூச்சியின் புழுக்கள் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பட்டுநூலால் வலை கட்டி இரை பிடிக்கும். அந்த நூல் சிறு சரளையைத் தைத்து வைத்ததுபோல நிறுத்திவிடுகிறது. சோதனைகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். விரல் நுனி அளவுப் புழு ஓர் ஆற்றின் தரையைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. நான் செய்தது இப்படி. ஐந்தடி நீளமுள்ள நாலு அங்குல பி.வி.சி. குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியை லேசான சரிவில் வைத்தேன். மீன் தொட்டியில் போடும் சிறு கூழாங்கற்களை இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலடுக்கில் பத்துக் கற்களுக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசினேன். தலைப்பில் தோட்டத்துக் குழாயைச் செருகி, கற்கள் அசையலாமா வேண்டாமா என்று தயங்கும் அளவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒரு சிவப்புக் கல் எழுந்து, அரை வட்டம் புரண்டு, பக்கத்துக் குழியில் போய் உட்கார்ந்தது. கால் மணி நேரம் ஓடியும் கதை அவ்வளவுதான்.

குழாயின் திருகைத் தொடாமல், தலைப்பில் கைப்பிடி கைப்பிடியாக ஆற்றுமணலைத் தூவினேன். மணல் முதலில் கற்களுக்குள் இறங்கிக் காணாமல் போனது. நான்காவது ஐந்தாவது பிடியில் இடுக்குகள் நிறைந்து மேலே தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் சிவப்புக் கற்கள் கிளம்பின. அவை உருளவில்லை, மணலின்மேல் வழுக்கிக்கொண்டு போயின. ஓரிடத்தில் ஏழெட்டுக் கற்கள் கூட்டமாக மாட்டிக்கொண்டன, பின்னால் மணல் தேங்கியது, பிறகு எல்லாம் ஒன்றாக விடுபட்டு ஓடின. இந்த விட்டுவிட்டு ஓடும் குணம் உண்மையான ஆறுகளிலும் உண்டு.

ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறார்கள். கற்களுக்கு வண்ணம் அடித்தோ, உள்ளே காந்தமோ சிறு வானொலிச் சில்லோ பொதித்தோ ஆற்றில் வைத்துவிட்டு, வெள்ளம் வடிந்தபின் தேடிப் போய் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று அளப்பார்கள்.

அணைக்குக் கீழே படுகை கற்களாகவே இருப்பது ஏன்?

அணை மேலிருந்து வரும் மணலையும் சரளையையும் நிறுத்திவிடுகிறது. கீழே போகும் தெளிந்த தண்ணீர் படுகையில் உள்ள சிறு துகள்களை எடுத்துக்கொண்டு போய்விடும், தூக்க முடியாத பெரிய கற்கள் மட்டும் மேலே மிஞ்சும். அந்த மேலடுக்கைக் கவச அடுக்கு என்கிறார்கள். உண்மையிலேயே கவசம்தான், கீழே உள்ளதைக் காக்கும். அத்தகைய படுகைமீது திடீரென்று சிறு சரளையோ மணலோ வந்து பரவினால், அசையாமல் கிடந்த கவசமே பெயரக்கூடும்.

உண்மையான ஓர் ஆற்றில் இது என்ன செய்தது?

டிரினிட்டி ஆற்றைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் வடமேற்கு மலைகளில் ஓடிக் கிளமத் ஆற்றில் கலக்கும் ஆறு அது. ஹூபா, யூரோக் பழங்குடிகளுக்குச் சால்மன் மீன் தந்த ஆறு.

1962இல் டிரினிட்டி அணையும் 1963இல் அதற்குக் கீழே லூயிஸ்டன் அணையும் கட்டி முடிந்தன. தண்ணீரைச் சுரங்கம் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். லூயிஸ்டனுக்கு வந்த தண்ணீரில் 90 சதவீதம் வரை அப்படிப் போனது. ஆற்றுக்கென்று விட்டது ஆண்டுக்கு 5 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். வெள்ளமே இல்லாத ஆறாகிவிட்டது.

லூயிஸ்டனுக்குக் கீழே கிராஸ் வேலி என்று ஓர் ஓடை வந்து சேர்கிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருப்பது மக்கிப்போன கருங்கல். கையால் அழுத்தினாலே அஸ்கா சர்க்கரைபோல உதிரும். அங்கே மரம் வெட்டினார்கள், சாலைகள் போட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் பருமணல் இறங்கியது. முன்பு ஆண்டுதோறும் வெள்ளம் வந்து அதை வாரிக்கொண்டு போயிருக்கும், இப்போது வாரிச்செல்ல ஆளில்லை. மடுக்கள் தூர்ந்தன, மீன்கள் முட்டையிடும் சரளையில் மணல் புகுந்தது. கரையோரத்தில் வில்லோ, ஆல்டர் மரங்கள் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ள, ஆற்றின் இருபுறமும் வரப்புப்போல மேடு எழுந்தது. அகன்று திரிந்த ஆறு வாய்க்காலாகச் சுருங்கியது.

சால்மனுக்கு மணல் ஏன் ஆகாது?

பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி சரளையால் மூடிவிடும். முட்டைகள் அந்த இருட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். கற்களின் இடுக்கு வழியே ஓடும் தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு. 1 மி.மீ.க்கும் சிறிய துகள்கள் 12, 14 சதவீதத்தைத் தாண்டினால் முட்டைகள் பிழைப்பது கடினம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. பொரித்த குஞ்சுகள் மேலே ஏறி வரவும் வழி அடைபட்டுவிடும்.

இந்த 12, 14 சதவீதம் மேலே சொன்ன 10 முதல் 30 வரம்புக்குள்ளேயே விழுவதைக் கவனியுங்கள். மூச்சு முட்டும் அதே மணல் அளவில் படுகையும் தளர ஆரம்பிக்கிறது. முட்டை மூச்சுத் திணறாமல் தப்பினாலும், ஒரு நடுத்தர வெள்ளத்தில் முட்டையிட்ட குழியே பெயர்ந்து போகும் ஆபத்து வருகிறது. மணலின் கேடு என்று பேசும்போது முதலாவதை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவதற்கும் அதே கவனம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அணையைத் திறந்து ஒரே வெள்ளமாக மணலைக் கழுவிவிட்டால் முடிந்ததே?

டிரினிட்டியில் 1990களின் தொடக்கத்தில் சோதனையாகத் தண்ணீர் திறந்துவிட்டு, வில்காக் உள்ளிட்டோர் அளந்தார்கள். சிக்கல் அப்போது தெளிவானது. மேலே பரவிக் கிடக்கும் மணலை மிதமான தண்ணீரே கொண்டுபோய்விடும். சரளைக்கு உள்ளே புகுந்த மணலை எடுக்க, மூடியிருக்கும் கற்கள் நகர வேண்டும். கற்கள் நகர்ந்தால் கீழே போய்விடும். மேலிருந்து புதுக் கல் வராது, அணை தடுத்துவிட்டது. அழுக்கைத் துவைக்கப் போய்த் துணியே போன கதை. மணல் மிகுந்த படுகையில் கற்கள் எளிதாகக் கிளம்பும் என்பதால், மணலோடு இருக்கும்போது திறக்கும் வெள்ளம் கூடுதலான சரளையைக் காவு வாங்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மணல் வரும் வழியை அடைக்க வேண்டும். கிராஸ் வேலி ஓடையின் மேல்பகுதியில் 1990இல் பக்ஹார்ன் அணை கட்டி மணலைப் பிடித்தார்கள், ஓடை ஆற்றில் சேரும் இடத்தருகே குட்டைகள் தோண்டி, சேர்ந்த மணலை வாரி எடுத்தார்கள். அப்புறம் தண்ணீர். 2000 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, கடும் வறட்சி ஆண்டில் சுமார் 16 டி.எம்.சி., மிக நல்ல மழை ஆண்டில் 35 டி.எம்.சி.க்குச் சற்று மேல் ஆற்றுக்கு. உச்சத் திறப்பும் ஆண்டுக்கேற்ப வினாடிக்கு 1,500 கன அடியிலிருந்து 11,000 கன அடி வரை. மூன்றாவது, இழந்த சரளையைத் திருப்பித் தருவது. லூயிஸ்டனுக்குக் கீழே லாரியில் சரளை கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆற்றுக்கே கல் வாங்கிப் போடுவது விசித்திரமாகத் தோன்றலாம். அணை தடுத்து வைத்திருப்பதைக் கையால் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அது நியாயம்தான்.

அணையையே இடித்துவிட்டால்?

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 2011க்கும் 2014க்கும் இடையில் இரண்டு அணைகளைப் படிப்படியாக எடுத்தார்கள். அவற்றின் பின்னால் ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர் படிவு தேங்கியிருந்தது, அதில் பெரும்பங்கு நுண்ணியது. கீழே கற்கவசம் போட்டுக் கிடந்த ஆறு மணலையும் சரளையையும் ஒருசேரப் பெற்றது. மடுக்கள் நிறைந்தன, புதுத் திட்டுகள் எழுந்தன, முகத்துவாரத்தில் கரையே முன்னேறியது. ஒரே நாளில் இடிக்காமல் நிறுத்தி நிறுத்தி எடுத்ததற்குக் காரணம், படிவை ஆறு தாங்கும் அளவில் விட வேண்டும் என்பதுதான்.

நம் ஊர் ஆறுகளுக்கு இது பொருந்துமா?

இடத்தைப் பொறுத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் காவிரி முழுக்க மணல் ஆறு, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. மலையிலிருந்து இறங்கும் பகுதிகளில், தாமிரபரணியின் மேல்பகுதி போன்ற கல்லும் கூழாங்கல்லுமான இடங்களில் கேட்கலாம். சரிவுகளில் சாலை வெட்டும்போதும் மண்ணைத் தோண்டும்போதும் இறங்கும் மணல் அங்கேதான் முதலில் போய்ச் சேரும்.

ஆற்றில் இறங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும் பாதுகாப்பான இடத்தில், கைக்கடங்கும் ஒரு கல்லைத் தூக்குங்கள். லேசாக வந்துவிட்டதா, பெயர்த்து எடுக்க வேண்டியிருந்ததா? எடுத்த கல்லைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். மேலே பாசி படர்ந்து கருத்தும், கீழே வெளுத்தும் இருக்கும். அந்தக் கோடுவரை கல் புதைந்திருந்தது என்று பொருள். கல் இருந்த குழியில் விரலை விடுங்கள். நறநறவென்றால் மணல், வழவழவென்றால் களிமண்.

அடுத்து, ஓர் அடி வைத்து, கீழே பார்க்காமல் விரல் நுனியில் முதலில் படும் துகளை எடுத்து அளந்து எழுதுங்கள். இப்படி நூறு முறை. 1954இல் வோல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொல்லிக்கொடுத்த முறை இது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நூறில் எத்தனை முறை விரலில் மணல் பட்டது என்பதே மேற்பரப்பில் மணலின் பங்கு. ஐந்தாறு என்றால் கற்கள் இன்னும் தங்கள் குழிகளில் இருக்கின்றன. இருபதைத் தாண்டினால், அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்துக்குப் போய் அந்தக் கற்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்துக் கல்லுக்கு வண்ணம் அடித்து வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.